நடந்து வருகிறவருக்கு என்ன அலவன்ஸ்?



சரித்திரக் கட்டுரை என்றதும் சோழர்களையும் பல்லவர்களையும் எதிர்பார்ப்பீர்கள். அதை எழுதத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. நான் படித்தது பி.காம்.; அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பிழைத்தது ஒரு தொழிற்சாலையின் பர்சனல் இலாகாவில். எனக்குத் தெரிந்ததெல்லாம் சம்பளப் பட்டியலின் சரித்திரம்தான். அதிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக் கொண்டு எழுதுகிறேன். வேலைக்கு வருகிறவர் எப்படி வருகிறார், அதற்கு முதலாளி என்ன கொடுக்கிறார் என்பதே அந்த வரி.

இதிலென்ன சரித்திரம் என்று கேட்கலாம். புகை, நெரிசல், பெட்ரோல் செலவு என்று நாம் தினமும் புலம்புகிற சங்கதிகளில் பெரும் பங்கு காலையில் ஆபீசுக்குப் போவதிலும் மாலையில் திரும்பி வருவதிலும்தான் உண்டாகிறது. எந்த ஆபீசும் தன் ஆட்கள் வந்து போகும் விதத்துக்கு ஏதோ ஒரு வகையில் காசு கொடுத்துக் கொண்டுதான் இருக்கிறது. பல இடங்களில் அது கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான். யாருக்குக் கொடுக்கிறது, எதற்குக் கொடுக்கிறது என்று கேட்டவர்களின் கதை இது.

வீடு, ரயில், பஸ்

ஆதியில் எல்லாரும் நடந்துதான் வேலைக்குப் போனார்கள். ஆகவே தொழிற்சாலை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றியே ஜனங்கள் குடியிருக்க வேண்டியிருந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு மாறியபோது, கூடவே ஒரு குடியிருப்பும் எழுந்தது. பிறகு நெய்வேலி, திருச்சி பெல் என்று பொதுத் துறை ஆலைகள் வந்தபோதும் அதே வழிதான். குவார்ட்டர்ஸ் என்பது வெறும் வீட்டுச் சலுகை இல்லை. சங்கு ஊதிய பிறகும் சைக்கிளை எடுத்து மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற போக்குவரத்துச் சலுகையும் கூட.

வீடு கட்டிக் கொடுக்க முடியாத பெருநகரங்களில் வேறு வழி தேடினார்கள். இங்கிலாந்தில் 1883-ல் மலிவு ரயில் சட்டம் என்று ஒன்று வந்தது. ரயில் கம்பெனிகள் தொழிலாளர்களுக்காகக் காலையிலும் மாலையிலும் குறைந்த கட்டணத்தில் வண்டி விட வேண்டும் என்றது அது. பிரான்சில் 1971-ல் இன்னொரு படி மேலே போனார்கள். பாரிஸ் வட்டாரத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் சம்பளப் பட்டியலில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்கு வரியாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அங்கேயே 1982-ல் தொழிலாளியின் ஸீஸன் டிக்கெட்டில் பாதியை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்றும் வந்தது. ரயிலும் பஸ்ஸும் ஓடுவதால் முதலாளிக்கு ஆள் வந்து சேருகிறது; ஆகவே அவரும் செலவில் பங்கு கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம்.

நம் நாட்டில் அரசு ஊழியர்களுக்குச் சைக்கிள் அட்வான்ஸ் என்று ஒன்று இருந்தது. இந்த மலரைப் படிக்கும் மூத்தவர்களில் பலர் அந்த அட்வான்ஸில் வாங்கிய சைக்கிளில்தான் முதல் பத்து வருஷம் ஆபீசுக்குப் போயிருப்பார்கள். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள், வட்டி கிடையாது. பின்னால் ஸ்கூட்டருக்கும் காருக்கும் கடன் வந்தது. சைக்கிளை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2016-ல் மத்திய அரசு வட்டியில்லா முன்பணங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தியபோது சைக்கிள் அட்வான்ஸும் சத்தமில்லாமல் போய்விட்டது.

ஆறு வேன்கள்

இதுவரை சொன்ன சலுகைகள் ஏழைத் தொழிலாளியை வேலைக்குக் கொண்டு வந்து சேர்க்க ஏற்பட்டவை. காரில் வருகிறவரைக் காரிலிருந்து இறக்குவதற்காக ஒரு கம்பெனி காசு செலவு செய்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்துக்குப் பக்கத்தில் த்ரீ எம் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. நாம் பார்சல் ஒட்டும் ஸ்காட்ச் டேப் அவர்களுடையதுதான். 1973-ல் அங்கே ஆள் கூடிக்கொண்டே போக, கார் நிறுத்தும் இடமும் போதவில்லை, வாசல் சாலையும் திணறியது. இன்னும் ஒரு மைதானத்தைத் தார் போட்டு மூடுவதா என்று யோசித்த நிர்வாகம், அதற்குப் பதிலாக ஆறு வேன்களை வாங்கியது. ஒரே பக்கத்திலிருந்து வரும் ஊழியர்கள் ஒரு வேனில் ஏறிக் கொள்ள வேண்டியது. ஓட்டுகிறவரும் ஓர் ஊழியர்தான். அவருக்குப் பயணம் இலவசம். மற்றவர்கள் மாதா மாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். அதிலேயே வேன் செலவு பெருமளவு ஈடுகட்டப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. வேன்கள் ஓடத் தொடங்கியது 1973-ன் முன்பாதியில். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி உலகமே பெட்ரோலுக்கு வரிசையில் நின்றது அந்த வருஷம் அக்டோபருக்குப் பிறகு. ஆக, பெட்ரோல் பஞ்சமோ சுற்றுச்சூழல் கவலையோ அந்தக் கம்பெனியை அசைக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் காரணம். பஞ்சம் வந்ததும் மற்றக் கம்பெனிகளும் இதைப் பார்த்து வேன் வாங்கின. பெட்ரோல் விலை இறங்கியதும் அவற்றில் பல, வேனை மறந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸின் புகை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை 1943 ஜூலையில் ஒரு நாள் கண்ணெரிச்சலும் மூச்சடைப்புமாக ஒரு புகை மூடியது. யுத்த காலம், எதிரிகள் விஷ வாயு விட்டுவிட்டார்களோ என்று கூடச் சிலர் பயந்தார்களாம். ஹாகன்-ஸ்மிட் என்ற கால்டெக் விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னார். காரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் வாயுக்கள் வெயில் பட்டு ஓசோனாக மாறுகின்றன. கண்ணெரிச்சலுக்குக் காரணம் அந்த ரசாயனம்தான் என்றார்.

எஞ்சினைத் திருத்தினார்கள், பெட்ரோலைத் திருத்தினார்கள். அப்படியும் போதவில்லை. தென் கலிபோர்னியாவின் காற்று வாரியம் 1987 முடிவில் 'பதினைந்தாம் விதி' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. ஒரே இடத்தில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், அவர்கள் எத்தனை கார்களில் வருகிறார்கள் என்று முதலாளி எண்ண வேண்டும். தனித்தனியாக வருவதைக் குறைக்கத் திட்டம் போட வேண்டும். அதைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆளை நியமிக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால், பர்சனல் ஆபீசரின் தலையில் புகையைக் கட்டினார்கள்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் முதல் வருஷப் பலனை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். தனியாகக் காரோட்டி வந்தவர்கள் நூற்றுக்கு 76 பேரிலிருந்து 71 பேராகக் குறைந்திருந்தார்கள். ஒரே வருஷத்தில் ஐந்து சதவீதம் என்பது சாமானியமில்லை. ஆனால் முதலாளிகளுக்கோ கோபம். ரிப்போர்ட் எழுதவும் ஆள் வைக்கவும் செலவு, பலனோ வாசலுக்கு வெளியே யாருக்கோ என்றார்கள். 1990-ல் திருத்தப்பட்ட மத்தியக் காற்றுச் சட்டம் இதே மாதிரி ஏற்பாட்டை மிக மோசமான காற்றுள்ள மற்ற நகரங்களுக்கும் கட்டாயமாக்கியிருந்தது. எதிர்ப்பு வலுத்து, 1995 முடிவில் அமெரிக்கப் பாராளுமன்றம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உத்தரவு போட்டுச் செய்த காரியம் உத்தரவு போனதும் படுத்துக் கொண்டது.

ஒரு புரொபசர் கேட்ட கேள்வி

அதே லாஸ் ஏஞ்சல்ஸில், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஷூப் என்று ஒரு நகரத் திட்டமிடல் பேராசிரியர் இருந்தார். 2025 பிப்ரவரியில் தமது 86-வது வயதில் காலமானார். வாழ்நாளில் பெரும் பகுதியைக் கார் நிறுத்தும் இடத்தை ஆராய்வதிலேயே செலவிட்டவர். கேலி செய்தவர்கள் உண்டு, அவர் கவலைப்படவில்லை.

அவர் கேட்ட கேள்வி இதுதான். ஆபீசில் கார் நிறுத்த இலவசமாக இடம் கொடுக்கிறீர்கள். அந்த இடம் உங்களுக்கு இலவசமாக வந்ததா? ஒரு காரை நிறுத்தி, திருப்பி எடுக்க வழியும் விட்டால் ஏறக்குறைய 300 சதுர அடி ஆகிறது. நகரத்தின் நடுவில் அதற்கு வாடகை உண்டு. அந்த வாடகையை முதலாளி கட்டுகிறார். அப்படியானால் காரில் வருகிறவருக்கு மாதா மாதம் ஒரு அலவன்ஸ் போகிறது. பஸ்ஸில் வருகிறவருக்கும் நடந்து வருகிறவருக்கும் அது கிடையாது. அதாவது, காரில் வந்தால்தான் கொடுப்பேன் என்கிற அலவன்ஸ்.

பேச்சுக்கு ஓர் இடத்தின் வாடகை 100 டாலர் என்று வையுங்கள். ஷூப் சொன்னது: இடத்தைப் பிடுங்காதீர்கள். "இடம் வேண்டுமா, 100 டாலர் வேண்டுமா?" என்று ஊழியரைக் கேளுங்கள். கார்தான் வேண்டும் என்கிறவர் பழையபடியே வரட்டும். வேண்டாம் என்கிறவர் காசை வாங்கிக் கொண்டு பஸ்ஸிலோ, நண்பர் காரிலோ, சைக்கிளிலோ வரட்டும். அவர் விட்ட இடத்தின் வாடகை மிச்சமாகிறது; அதே காசுதான் அவர் கைக்குப் போகிறது. முதலாளிக்குக் கையைக் கடிக்காது.

கலிபோர்னியா 1992-ல் இதைச் சட்டமாக்கியது. காற்று கெட்ட பகுதிகளில், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, கார் நிறுத்தும் இடத்தை வாடகைக்கு எடுத்து ஊழியருக்கு மலிவாகக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு அது பொருந்தும். அதைக் கடைப்பிடித்த எட்டுக் கம்பெனிகளை, மொத்தம் 1,694 ஊழியர்களை, ஷூப் ஆராய்ந்து 1997-ல் முடிவை வெளியிட்டார். தனியாகக் காரோட்டி வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தார்கள். கூட்டாகக் காரில் வந்தவர்கள் 64 சதவீதமும், பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தவர்கள் 50 சதவீதமும், நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்கள் 39 சதவீதமும் கூடினார்கள். வேலைக்காகக் கார்கள் ஓடிய தூரம் 12 சதவீதம் குறைந்தது. எட்டுக் காரில் ஒன்றைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டதற்குச் சமம். முதலாளிக்கு ஆன கூடுதல் செலவு? ஆள் ஒருவருக்கு மாதம் 2 டாலர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார் இடத்துக்கு வருமான வரி கிடையாது. கையில் வாங்கும் காசுக்கு உண்டு. ஆகவே பலர் காசை வாங்கியதால் அரசாங்கத்துக்கு வரி வசூலும் கூடியது. காற்றும் சுத்தம், கஜானாவும் நிறைவு!

இவ்வளவு நல்ல சட்டம் ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? ஒரு காரணம், சொந்த இடம் வைத்திருக்கும் கம்பெனிக்கும், கட்டட வாடகையோடு சேர்த்தே கார் இடத்தையும் வாங்கிய கம்பெனிக்கும் அது பொருந்தவில்லை. இன்னொரு காரணம், கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க ஆளில்லை. சான்டா மோனிகா மாதிரி ஓரிரு நகரங்கள்தான் அக்கறை எடுத்துக் கொண்டன.

மூன்றாவது காரணம் வருமான வரிச் சட்டம். அமெரிக்காவில் 1984 சட்டப்படி முதலாளி கொடுக்கும் கார் இடம், அதன் மதிப்பு எவ்வளவு ஆனாலும், வரியில்லாச் சலுகை. பஸ் பாஸுக்கோ மாதம் 15 டாலர்தான் எல்லை. ஒரு டாலர் தாண்டினாலும் முழுத் தொகைக்கும் வரி. 1992-ல் திருத்தினார்கள். அப்போதும் பஸ்ஸுக்கு 60 டாலர், காருக்கு 155 டாலர். இடமா காசா என்று ஊழியரைக் கேட்டாலே கார் இடத்துக்கும் வரி போடுவோம் என்ற விதி வேறு இருந்தது. அதை 1997-ல்தான் நீக்கினார்கள். பஸ்ஸும் காரும் சரிசமம் என்று நிரந்தரமாக ஆனது 2015-ல். சைக்கிளில் வருகிறவருக்கு 2009-ல் மாதம் 20 டாலர் வந்தது. 2018-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2025-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஆலையில் ஒருவர்

ஷூப்பின் ஆராய்ச்சியைப் படிப்பதற்குப் பல வருஷம் முன்பே அவர் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். 1986 என்று நினைவு. சம்பள ஒப்பந்தப் பேச்சு நடந்து கொண்டிருந்த சமயம். டூல் ரூமில் வேலை செய்த ஒருவர், தினமும் போக வர இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவர், என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், ஆபீசருக்கெல்லாம் பெட்ரோல் அலவன்ஸ் இருக்கு. டவுன்லேருந்து வர்றவங்களுக்குக் கம்பெனி பஸ் இருக்கு. எங்க ஊருக்கு பஸ் வராது. நான் கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லாம வந்துட்டுப் போறேன். எனக்கு என்ன சார்?"

நியாயமான கேள்வி. குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். பஸ்ஸுக்கு ஒரு ஆளுக்கு மாதம் என்ன செலவாகிறது என்று கணக்கும் வைத்து, அதில் கால்வாசியைச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு டயர், டியூப் செலவுக்காகக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். 'பழக்கத்தில் இல்லை' என்று இரண்டே வார்த்தையில் குறிப்பு திரும்பி வந்தது. சில வருஷத்தில் அவரும் கடன் வாங்கி ஒரு மொபெட் வாங்கினார். மொபெட்டுக்கு அலவன்ஸ் இருந்தது.

அந்த ஆலை எது, மேலே இருந்தவர் யார் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. அன்றைக்கு நாட்டிலிருந்த பெரும்பாலான ஆலைகளின் வழக்கம் அதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். செலவு வைக்காதவருக்கு ஒன்றுமில்லை. செலவு வைக்க ஆரம்பித்ததும் பணம் வந்தது. மனுஷன் எந்தப் பக்கம் சாய்வான்?

மற்ற நாடுகளில்

சைக்கிளில் வருகிறவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் காசு கொடுப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. பெல்ஜியத்தில் 1997-லேயே கிலோமீட்டருக்கு 6 பிராங்க் வரை வரியில்லாமல் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. 2023 மே முதல், வேறு ஒப்பந்தம் இல்லாத தனியார் கம்பெனிகளிலும் சைக்கிள் அலவன்ஸ் ஊழியரின் உரிமையாகவே ஆகிவிட்டது. பிரிட்டனில் 1999-ல் இருந்து, முதலாளி மூலமாகச் சைக்கிள் எடுத்துக் கொண்டு சம்பளத்தில் கழித்துக் கொள்ளலாம். அந்தத் தொகைக்கு வரி கிடையாது. நம் சைக்கிள் அட்வான்ஸின் வெள்ளைக்காரத் தம்பி என்று சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பானின் நகோயா நகராட்சி. டொயோட்டா கார்கள் பிறக்கும் வட்டாரம் அது. அங்கே 5 கிலோமீட்டருக்குள் வசிக்கும் நகராட்சி ஊழியருக்கு, காரில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் மாதம் 2,000 யென் கொடுத்து வந்தார்கள். 2001-ல் சைக்கிளுக்கு 4,000 ஆக்கினார்கள். காருக்கு 1,000 ஆகக் குறைத்தார்கள். அறிவுரை, சுவரொட்டி, உறுதிமொழி எதுவும் தேவைப்படவில்லை. சைக்கிளில் வருகிறவர்கள் கூடினார்கள், காரில் வருகிறவர்கள் குறைந்தார்கள்.

அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனை இன்னொரு நுட்பம் கண்டது. கார் இடத்துக்கு மாத வாடகை வாங்கினால், கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று தினமும் காரை எடுத்து வருகிறார்கள். ஆகவே தினக் கட்டணம் ஆக்கினார்கள். கார் இல்லாமல் வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஊழியருக்குச் சில டாலர் கொடுத்தார்கள். 1995-ல் நூற்றுக்கு 73 பேர் தனியாகக் காரில் வந்த இடத்தில், 2010-களில் அது 40-க்கும் கீழே இறங்கியது.

நம் ஊர்க் கணக்கு

இதெல்லாம் கார் நாடுகளின் கதை. நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் மத்திய அரசின் போக்குவரத்துப் படியை எடுத்துக் கொள்ளுங்கள். எப்படி வருகிறீர்கள் என்று அது கேட்பதில்லை. நடந்து வந்தாலும் உண்டு. நல்ல காரியம். ஆனால் தொகை பதவியைப் பொறுத்தது. 2017-ல் வந்த விகிதப்படி சென்னை மாதிரிப் பெரிய நகரங்களில் கடைநிலைக்கு அடிப்படைத் தொகை 1,350 ரூபாய், நடுநிலைக்கு 3,600, மேல்நிலைக்கு 7,200. அதன் மேல் பஞ்சப்படி. அரசுக் கார் வைத்துக் கொள்ளத் தகுதியான உயர் அதிகாரிகளுக்கு மட்டும் ஒரு தேர்வு உண்டு: கார் வேண்டாம் என்றால் 15,750 ரூபாயும் பஞ்சப்படியும் வாங்கிக் கொள்ளலாம். பார்த்தீர்களா! "காரா, காசா?" என்ற ஷூப்பின் கேள்வி நம் அரசு விதியிலேயே இருக்கிறது. ஆனால் உச்சியில் இருப்பவர்களிடம் மட்டுமே கேட்கப்படுகிறது.

வருமான வரியிலும் ஒரு மாற்றம் நடந்தது. 2015-ல் இருந்து போக்குவரத்துப் படியில் மாதம் 1,600 ரூபாய் வரை வரி விலக்கு இருந்தது. 2018 பட்ஜெட்டில் அதைப் பொதுக் கழிவோடு சேர்த்துவிட்டார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கு மட்டும் தனியாக விட்டு வைத்தார்கள். காரில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் ஒரே கழிவு. பாரபட்சம் இல்லை, ஆனால் ரயிலில் வர ஊக்கமும் இல்லை.

நம் பெருமைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள். த்ரீ எம் ஆறு வேன் விட்டதைச் சரித்திரமாகப் பேசுகிறோம். நம் ஊரில் அது அன்றாடக் காட்சி. பெண்கள் இரவு ஷிப்டுக்குப் போய் வர அந்த பஸ்ஸை விட்டால் வழியும் இல்லை. வீட்டிலிருந்து ஆபீசுக்கு முதலாளி கொடுக்கும் வண்டியை வருமான வரிச் சட்டமும் வருமானமாகக் கணக்கிடுவதில்லை. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களுக்கு அது சம்பள உயர்வு மாதிரியே இருந்தது.

கவலை எங்கே என்றால், தொழிலாளி பஸ்ஸில் வரும் அதே ஆலையின் வாசலில் அதிகாரிகளுக்காக நிழற்கூரை போட்ட கார் இடம் கூடிக்கொண்டே போகிறது. நகரத்துக்குள் புதிதாக எழும் ஆபீஸ் கட்டடங்களில் அடித்தளம் இரண்டு மாடி கார்களுக்கே. சென்னையில் மெட்ரோ 2015-ல் ஓடத் தொடங்கியது. வாசலில் மெட்ரோ நிலையம் இருந்தும், எத்தனை ஆபீஸ்கள் கார் இடத்தோடு மெட்ரோ பாஸையும் ஒரு தேர்வாக நீட்டுகின்றன?

நம்மால் முடிந்தது

நம் சங்கத்தில் இன்று மேனேஜர்கள், டைரக்டர்கள், பாங்கு அதிகாரிகள், சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர்கள் ஏராளம். உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வயதிருக்கலாம்; அதிகாரம் இல்லை. ஒரு பழைய பர்சனல் ஆபீசராக மூன்று யோசனைகள் மட்டும்.

முதலாவது, உங்கள் ஆபீசில் ஒரு கார் நிற்கும் இடத்துக்கு மாதம் என்ன வாடகை என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டாவது, இடம் வேண்டாம் என்கிறவருக்கு அந்தத் தொகையையோ, அதில் ஒரு பகுதியையோ கொடுத்துப் பாருங்கள். யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டாயம் தோற்றது, தேர்வு ஜெயித்தது. மூன்றாவது, சைக்கிளில் வருகிறவருக்கு ஒரு கூரையும், முகம் கழுவ ஓர் இடமும், பழுது பார்க்கச் சின்னத் தொகையும் ஒதுக்குங்கள். உங்கள் பட்ஜெட்டில் அது கண்ணுக்கே தெரியாது.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதும் தெரியும். முழங்கால் வலிக்காரர், குழந்தையைப் பள்ளியில் விட்டு வருகிற தாய், பஸ்ஸே எட்டாத ஊர்க்காரர் ஆகியோரை வண்டியை விடச் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு இடம் இருக்கட்டும். விட முடிகிறவருக்கு விடுவதால் ஒரு லாபம் இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை உங்கள் கையில் வேலை உத்தரவு வரும். சம்பளம், போனஸ், பி.எப். எல்லாம் பார்ப்பீர்கள். இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "கார் இல்லாமல் வருகிறவருக்கு இங்கே என்ன சலுகை?" என்று கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஒரு கம்பெனி யோசிக்கும். நாற்பது பேர் கேட்டால் சர்க்குலர் போடும். சம்பளப் பட்டியலில் இன்று இருக்கிற ஒவ்வொரு வரியும் என்றோ யாரோ ஒருவர் வாய் திறந்து கேட்டதால் வந்ததுதான்.

கடைசியாக, ஒன்றுகூடலுக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பேட்டைக்காரர்கள் நான்கு பேராகச் சேர்ந்து ஒரே வண்டியில் வாருங்கள். கல்லூரி வாசலில் இடம் தேடி அலைய வேண்டியிருக்காது. வருகிற வழியெல்லாம் பழைய கதை பேசிக் கொண்டும் வரலாம்.